மலையைச் சுருக்கிய மதியம்

“தண்ணி மலையோட முழங்காலைத் தாண்டியாச்சு,” என்றாள் தராசு. “இன்னும் மூணு சுற்றுதான். அதுக்குள்ள வெளிய வரணும்.”

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் நான்கு பேர் தாழ்வான மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். மேஜை மேல் கிடந்த பழைய பத்திரிகைகள் ஒரு நாற்காலிக்குக் குடிபெயர்ந்திருந்தன. கண்ணாடிக் கதவில் ‘இன்று விடுமுறை’ அட்டை தெருவைப் பார்த்துத் தொங்கியது. அறை முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசம். எத்தனை ஞாயிறு வந்து போனாலும் அந்த வாசத்தில் தராசுக்குக் கடைவாய்ப் பல் லேசாகக் கூசும்.

ஆட்டம் எளிதுதான். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று உண்டு. அடிபட அடிபடக் காயப்புள்ளி ஏறும். காயம் உயிரை எட்டிவிட்டால் ஆள் காலி.

நான்கு வருஷமாகக் கதை சொல்கிறவள் தராசு. கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சோதித்து முத்திரை ஒட்டுவது அவள் வேலை. பெயர் அதனால் வந்தது. ஆட்டத்தோடு வந்த விதிப்புத்தகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் பன்னிரண்டடி அரக்கனுக்கும் மூன்றடிக் குள்ளனுக்கும் உயிர் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐம்பது கிராம் பிசகினாலே மெஷினை மூட்டை கட்டச் சொல்கிறவள் இதைப் பொறுத்துக்கொள்வாளா? சொந்தமாக விதி எழுத ஆரம்பித்தாள். பெரிய உடம்புக்கு உயிர் அதிகம், ஆனால் சுலபமாக அடி விழும். சின்ன உடம்பைக் குறிவைப்பது கஷ்டம், ஆனால் பட்டால் ஒரே அடிதான். இப்படி எழுதி எழுதி ஒரு நீல நோட்டு நிரம்பிவிட்டது.

மலை, அவள் அண்ணனின் பாத்திரம். பன்னிரண்டடி உயரம், அறுநூற்று நாற்பது கிலோ எடை, எண்பது உயிர்ப்புள்ளி. அண்ணனும் நிஜத்தில் சின்ன ஆள் இல்லை. ஆறடி மூன்று அங்குலம். எந்த வாசலிலும் தானாகத் தலை குனியும். லிஃப்ட் மெக்கானிக். பத்து வாரத்துக்கு முன்னால் வேலையிடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகெலும்பில் ஒரு தட்டு நசுங்கிப்போனது. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவன் பேச்சு உம், ஊஹூம் என்ற அளவில் நின்றுவிட்டது.

அண்ணி நர்சரிப் பள்ளி டீச்சர். அதட்டலும் கொஞ்சலும் ஒரே மூச்சில் வரும் அவளுக்கு. போன வாரம் பாத்திரம் துலக்கிக்கொண்டே தராசிடம் சொன்னாள். “வாரத்துல ஆறு நாள் நான் சுவரோட குடித்தனம் பண்றேன். ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் மனுஷன் மலையா வாயைத் தொறக்குறார். அதைக் கேட்டுத்தான் அடுத்த ஞாயிறு வரைக்கும் வண்டி ஓடுது. அந்த மலைக்கு ஒண்ணும் ஆகாமப் பார்த்துக்கோ நாத்தனாரே. மலையும் போச்சுன்னா இவர் இந்தப் பக்கம் வரமாட்டார். அப்புறம் அந்த வாயை எப்படித் தொறக்கிறதுன்னு எனக்குத் தெரியாது.”

தராசு துலக்கிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினாள். கதை சொல்கிறவள் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. முடியாது என்று சொல்லவும் அவளுக்கு நா எழவில்லை.

இப்போது மலை ஒரு கோட்டையின் நிலவறையில் மாட்டிக்கொண்டிருந்தான். பின்னால் இரும்புக் கதவு விழுந்து மூடிவிட்டது. முன்னால் கல் சுவர். சுவரில் மலையின் இடுப்பு உயரத்தில் இரண்டடி அகலமாக ஒரு வடிகால் ஓட்டை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

“நான் தப்பிச்சாச்சு,” என்றார் டாக்டர். மருத்துவமனை அவருடையது, அண்ணனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அவருடைய பாத்திரம் மூன்றடி உயரப் பூட்டுக்காரன். “ஓட்டைக்கு அந்தப் பக்கம் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சீக்கிரம் வாங்கப்பா, குளிருது.”

“நான் சுவரை இடிக்கிறேன்,” என்றான் அண்ணன். மலையின் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். அந்தக் குரலில் பேசும்போது அவன் முதுகுகூடக் கொஞ்சம் நிமிரும். “தோளால. ரெண்டு இடி போதும்.”

தராசு மனதுக்குள் கூட்டினாள். ஏற்கெனவே நாற்பத்தாறு காயம். ஒரு இடிக்கு ஐந்து ஏறும். இரண்டு இடித்தால் ஐம்பத்தாறு. உயிர் எண்பது. தாராளமாகப் பிழைப்பான். அவள் மூச்சை மெல்ல விட்டாள்.

“ஒண்ணும் வேணாம்,” என்றாள் அண்ணி. அவள் பாத்திரம் ஒரு சூனியக்காரி. “நாப்பத்தாறு காயத்தை வச்சுக்கிட்டு, அந்த முதுகோட போய்ச் சுவத்துல மோதப் போறாராம்.”

“முதுகு இல்ல. தோள்.”

“தோள் என்ன தனியா வாடகைக்கா இருக்கு? எல்லாம் ஒரே உடம்புதானே. நான் எதுக்குக் கூட இருக்கேன்? உங்களைக் கால்வாசியாச் சுருக்குறேன். மூணடி ஆளா ஜம்முனு ஓட்டை வழியா நழுவிடலாம்.”

தராசின் பென்சில் தாளிலேயே நின்றுவிட்டது.

ஏழாவது விதி. *உருவம் பாதியானால் உயிர்ப்புள்ளி பாதி, கால்வாசியானால் கால்வாசி. பட்ட காயம் அப்படியே இருக்கும்.*

எண்பதில் கால்வாசி இருபது. காயம் நாற்பத்தாறு. அண்ணியின் மந்திரம் பலித்த அந்த நொடியே மலை செத்துவிடுவான்.

இந்த விதி இப்படி ஆன பிறகு இரண்டு தடவை மலையைச் சுருக்கியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை; ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இந்தப் பள்ளம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வெட்டியவள் அவளேதான். முதலில் அந்த விதியில் உருவத்தோடு காயமும் சுருங்கும் என்றுதான் இருந்தது. டாக்டர் அதில் புகுந்து விளையாடினார். மலையைக் கால்வாசியாக்கி, ஒரு சின்னக் கட்டுப் போட்டு ஆற்றி, மறுபடி பெரிதாக்கினால் ஒரு கட்டுக்கு நாலு கட்டின் பலன். “மருந்துச் செலவு மிச்சம்,” என்று கண்ணடித்தார். தராசுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே ‘காயம் அப்படியே இருக்கும்’ என்று மாற்றினாள். நான்கு பேரும் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு ஓட்டையை அடைக்கப்போய்ப் பக்கத்தில் கிணறு தோண்டியிருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது சொல்லிவிடலாமா? ஒரு வார்த்தை போதும். ‘அண்ணி, ஏழாவது விதியைப் பாருங்க.’ அவ்வளவுதான்.

ஆனால் இந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரங்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ளலாம். கதை சொல்கிறவள் எச்சரிக்கக் கூடாது. ‘நிச்சயமா?’ என்றுகூட அவள் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியே துப்பு. விதியை மாற்ற வேண்டுமானால் அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன் பேச வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஓர் எழுத்தும் மாறாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மேஜையில் டாக்டரின் பழைய பாத்திரம் செத்தது. ஊசி என்று பெயர். ஒரு முழ உயரம், ஆறு உயிர்ப்புள்ளி. ஏணியிலிருந்து விழுந்தான். விழுந்தால் எல்லா உருவத்துக்கும் ஒரே அடி என்று தராசு எழுதியிருந்தாள். டாக்டர் வாதாடினார். “எறும்பு மாடியிலேருந்து விழுந்தா என்ன ஆகும்? தூசியத் தட்டிட்டு நடந்து போகும். நீயே எடை பார்க்கிறவ, உனக்குத் தெரியாதா?” அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அடுத்த வாரம் அந்த விதியை அவள் மாற்றவும் செய்தாள். ஆனால் ஊசி திரும்பி வரவில்லை. அவன் ஏணியில் கால் வைக்கும் முன்பே கணக்கு அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பகடையை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, அன்று விளக்கை அணைக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தராசு நிமிர்ந்தாள். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. விதியைச் சந்து சந்தாகத் துழாவுகிற ஆள். ஏழாவது விதி பிறந்ததே அவரால்தான். அவர் பாத்திரமாக ஆடுகிறவர், தாராளமாகச் சொல்லலாம். ‘தங்கச்சி, கொஞ்சம் பொறும்மா’ என்று அண்ணியிடம் சொன்னால் தீர்ந்தது. அவர் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஊசிக்கு ஒரு நீதி, உன் அண்ணனுக்கு ஒரு நீதியா என்று அந்தக் கை கேட்டது.

“மந்திரம் போட மலையோட சம்மதம் வேணும்,” என்றாள் தராசு. இது வழக்கமாகச் சொல்வதுதான்.

“இடிச்சாலே போதும்,” என்றான் அண்ணன்.

“கேளுங்க நான் சொல்றதை. எப்பப் பார்த்தாலும் முட்டுறது, மோதுறது, தூக்குறது. ஒரு தடவையாவது நோகாம வெளிய வாங்களேன்.” அண்ணி பேசியது சூனியக்காரியாகவா மனைவியாகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் அவளைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக இளகியது. “சரி. சுருக்கு.”

“பன்னண்டுக்கு மேல விழணும்,” என்றாள் தராசு.

இருபது முகப் பகடையை அண்ணி உள்ளங்கையில் வைத்து ஊதினாள். பிள்ளைகளின் சிராய்ப்பில் ஊதுகிற மாதிரி. உருட்டினாள். ஒன்பது.

“பலிக்கலை. தண்ணி மலையோட தொடைக்கு வந்தாச்சு. சூனியக்காரிக்குக் கழுத்து. இன்னும் ரெண்டு சுற்று.” சொல்லிக்கொண்டே தராசு தாளில் ஒரு சுற்றை அடித்தாள்.

“இப்பவாவது இடிக்கட்டுமா? சரியா ரெண்டு இடி இருக்கு.”

இடி, என்று மனதுக்குள் சொன்னாள். இடிடா அண்ணா.

“நீங்க அசையாம நில்லுங்க. இந்தத் தடவை பலிக்கும்.”

நீல நோட்டு தராசின் முழங்கைப் பக்கத்தில் இருந்தது. அவள் கை தன் பாட்டுக்கு அதன் மேல் போய் உட்கார்ந்தது. ஒன்றும் பேச வேண்டாம். ஏழாவது விதி இருக்கும் பக்கத்தைத் திறந்து, தற்செயலாக விட்ட மாதிரி மேஜை நடுவில் வைத்தால் போதும். அண்ணி தலைகீழாகவே வாசித்துவிடுவாள். டீச்சர்களுக்கு அது கைவந்த கலை. அட்டையைக் கட்டைவிரலால் நெம்பினாள். டாக்டரின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி அந்தக் கட்டைவிரலில் வந்து நின்றது.

தெருவில் யாரோ கதவின் அட்டையை வாசித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்தபடி திரும்பிப் போனார்கள்.

தராசு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பகடை உருண்டது. ஓரத்துக்குப் போய், டீ கோப்பையில் முட்டி, திரும்பி நின்றது. பதினேழு.

“பார்த்தீங்களா,” என்றாள் அண்ணி. “வாங்க குட்டிப் பையா, போலாம்.”

தராசு பதினேழைத் தாளில் குறித்தாள்.

“மலை சுருங்குறான். மூணடி. உயிர்ப்புள்ளி எண்பதுலேருந்து இருபது ஆகுது. காயம்...” பென்சிலைக் கீழே வைத்தாள். “காயம் அப்படியே இருக்கும். நாப்பத்தாறு.”

அண்ணியின் சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது. “அப்படின்னா?”

“அப்படின்னா மலை செத்துட்டான்,” என்றான் அண்ணன். குரல் மலையுடையது இல்லை. அவன் கையை நீட்டினான். தராசு நோட்டைக் கொடுத்தாள். ஏழாவது விதியை விரல் வைத்து வாசித்தான். கீழே தன் கையெழுத்தையும் பார்த்தான். மூடினான்.

“நான் கொன்னுட்டேனா?” என்றாள் அண்ணி. “வேணாம் வேணாம்னு சொன்ன மனுஷனைக் கட்டாயப்படுத்தி நானே...” சட்டென்று தராசின் பக்கம் திரும்பினாள். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“நீங்க கால்வாசின்னு சொன்னதுலேருந்து.”

“தெரிஞ்சும் கல்லு மாதிரி உக்காந்திருந்தியா? நான் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.”

“ஊசிக்கு நான் சொல்லலை அண்ணி. டாக்டரண்ணாவுக்குச் சொல்லாம என் அண்ணனுக்கு மட்டும் எப்படிச் சொல்றது?”

“எனக்கும் தெரியும்,” என்றார் டாக்டர்.

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு வயசுப் பிள்ளை அப்படிப் பார்வை வாங்கியிருந்தால் அங்கேயே நனைத்திருக்கும். “நீங்க சொல்லலாமே. உங்களுக்கு என்ன தடை?”

“ஒண்ணும் இல்லை. சொல்லியிருக்கலாம்.” டாக்டர் கட்டியிருந்த கையைப் பிரித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையில் வைத்தார். “இவ என்ன பண்றான்னு பார்த்தேன். பார்த்துக்கிட்டே இருந்ததுல அவனை மறந்துட்டேன். தப்புதான் தங்கச்சி.”

“ரெண்டு பேரும் நல்லா இருங்க. ஒருத்தி நியாயம் பார்த்தா. ஒருத்தர் அவ நியாயம் பார்க்கிறாளான்னு பார்த்தார். நடுவுல மனுஷன் போயாச்சு.” அவள் தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியவற்றைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

அண்ணன் எழுந்தான். நாற்காலியின் கையைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தவணை தவணையாக எழுந்தான். கண்ணாடிக் கதவு வரை போனான். இவ்வளவுதான், இனி வரமாட்டான் என்று தராசு நினைத்தாள். அட்டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவன் கதவைத் திறக்கவில்லை. தெருவைப் பார்த்து நின்றான்.

“இப்ப என் எடை என்ன?” என்றான்.

தராசுக்குப் புரியவில்லை. “என்னண்ணா?”

“மலையோட உடம்பு. சுருங்கின பிறகு எவ்வளவு இருக்கும்?”

இது அவளுக்குத் தெரிந்த பாஷை. “உயரம் கால்வாசி. அகலமும் கால்வாசி, தடிமனும் கால்வாசி. அப்படின்னா எடை அறுபத்துநாலுல ஒரு பங்கு. பத்து கிலோ.”

“பத்துதானா?”

“சரியாப் பத்து.”

அவன் திரும்பினான். “டேய், உன் பூட்டுக்காரன் எவ்வளவு தூக்குவான்?”

டாக்டர் தாளைப் பார்க்காமலே சொன்னார். “பன்னண்டு.”

“அப்ப என்னைத் தூக்கு. இங்கயே தண்ணிக்குள்ள போட்டுட்டுப் போகாதே.”

டாக்டர் தாளை அருகே இழுத்தார். “நான் ஓட்டைக்குள்ள திரும்பி வர்றேன். அவனைத் தூக்குறேன்.”

“இன்னும் ஒரு சுற்று இருக்கு,” என்றாள் தராசு. “தூக்கலாம்.”

அண்ணன் மறுபடி வந்து உட்கார்ந்தான். உட்காருவதும் தவணையில்தான். பிறகு பேசினான். மலையின் குரலும் இல்லை, வீட்டு உம்மும் இல்லை. பத்து வாரமாக யாரும் கேட்காத அவன் சொந்தக் குரல்.

“அன்னிக்குக் குழியில ஒண்ணேகால் மணி நேரம் கிடந்தேன். மேல மூணு பேர் நின்னாங்க. ஆள் பெருசு, நாலு பேராவது வேணும், இன்னொருத்தர் வரட்டும்னாங்க. நல்லவங்கதான். இவருக்கு ஒண்ணும் ஆயிருக்காது, லிஃப்டைத்தான் பார்க்கணும்னு ஒருத்தர் சொல்லிச் சிரிச்சார். நானும் கீழேருந்து சிரிச்சேன். காலு ரெண்டும் மரத்துப்போயிருந்துச்சு. அதைச் சொல்லலை. இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு.”

அண்ணியின் கையில் தாள்கள் அப்படியே நின்றன. “என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே நீங்க.”

“நீயும் சிரிச்சிருவியோன்னு.”

“சிரிப்பேனா நான்?” அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப இறுக்கமாகப் பிடித்தாள் போலும். அவன் முகம் சுளித்தான். அவள் விடவில்லை.

தராசு மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். பெரிய உடம்புக்கு உயிர் அதிகம் என்று எழுதிய கை அவளுடையது. அதை எழுதியபோது யாரை நினைத்துக்கொண்டு எழுதினாள் என்பது அவளுக்குத் தெரியும்.

“தண்ணி ஓட்டை வரைக்கும் வந்தாச்சு,” என்றாள் கடைசியில். கதை சொல்கிறவள் வேறென்ன சொல்ல முடியும்? “சூனியக்காரி முன்னாடி தவழ்ந்து போறா. வடிகால்ல பாசி. பத்து கிலோவோட ஏறணும். பூட்டுக்காரன் பதினொண்ணுக்கு மேல போடணும்.”

டாக்டர் பகடையை எடுத்தார்.

“இரு,” என்றான் அண்ணன். “எப்படித் தூக்கியிருக்கே?”

“தோள்ல.”

“தோள்ல போடாதே. முதுகு மடங்கும். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழ குடு, இன்னொண்ணை முட்டிக்குக் கீழ.”

“செத்தவங்க பேசக் கூடாது,” என்றாள் அண்ணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் சொன்னாள்.

“எந்த விதியில இருக்கு?”

மூவரும் தராசைப் பார்த்தார்கள். அவள் நீல நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அவசரப்படாமல், ஒரு பக்கம் விடாமல், கடைசி அட்டை வரை பார்த்தாள்.

“அப்படி ஒண்ணும் இல்லை,” என்றாள்.

“அப்பச் சரி,” என்றான் அண்ணன். நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். “டேய், இடது காலை முதல்ல ஊணு. வலது பக்கம் பூராப் பாசி. ம், இப்ப உருட்டு.”